அசையாத கோடு

போலந்தின் இந்த நிலக்கரி ஊரில் வீடு குலுங்கினால் யாரும் வெளியே ஓடுவதில்லை. சூப் கிண்ணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடுவார்கள். வந்த புதிதில் நான் மட்டும் செருப்பில்லாமல் பனியில் போய் நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து கையசைத்தார். வரவேற்கிறார் என்று நினைத்து நானும் அசைத்தேன். உள்ளே போகச் சொன்னாராம்.

சுரங்கத்தின் அதிர்வுக் கண்காணிப்பு அறையில் எனக்கு வேலை. கீழே பாறையில் பதித்த கருவிகள் ஒவ்வொரு நடுக்கத்தையும் திரையில் கோடாக வரையும். கரியை எடுக்க எடுக்க, மேலிருக்கும் பாறையின் பாரம் மிச்சக் கரியின்மேல் ஏறும். தாங்காதபோது கரிச்சுவர் வெடித்து, ஆட்கள் நிற்கும் பாதைக்குள் பாயும். மருந்து வைக்காமலே நடக்கும் வெடி. இவர்கள் அதைத் 'தொம்ப்ன்யென்ச்சே' என்கிறார்கள். என் வாயில் இன்னும் சரியாக நுழையவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சென்னையில் எங்கள் கீழ்க்கட்டளைப் பக்கத்துக் கல்குவாரி வெடிதான். முதல் சங்கு ஊதினால் அம்மா பாலை அடுப்பிலிருந்து இறக்கிவைப்பார். டமார் என்று ஒரு சத்தம். இரண்டாவது சங்குக்குப் பால் மறுபடி அடுப்பேறும். வெடித்துவிட்டால் ஆபத்து முடிந்தது. அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் போன குளிர்காலத்தில் வாயை விட்டேன். காலையில் பெரிய அதிர்வு ஒன்று வந்தது. ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு விலக்கிவிட்டோம். அதன்பின் கோடு அசையவே இல்லை. ஷிப்ட் பொறுப்பாளர் மாரெக்குக்கு என் வயதுதான். "ஓய்ந்துவிட்டது, ஆட்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிடலாம்" என்றேன்.

"ஓய்ந்ததா, அடக்கிவைத்திருக்கிறதா? சின்னச் சின்னதாக ஆடினால் பாரம் இறங்குகிறது என்று தெரியும். இது சும்மா இருக்கிறதே" என்றார்.

கீழே காத்திருந்த எட்டுப் பேரில் அவர் தம்பியும் ஒருவர். மாரெக் யாரையும் அனுப்பவில்லை. மதியம், அவர்கள் நின்றிருக்கவேண்டிய இடத்தில் கரிச்சுவர் பாய்ந்து பாதை மூடிக்கொண்டது. எட்டுப் பேரும் மேலே வந்தார்கள். வாசலில் அந்தத் தம்பி என்னிடம் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டார். உரசப்போய்த் தீக்குச்சியை ஒடித்துவிட்டேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

தாம்பரத்தில் ரயில் பாதையோரம் குடியிருக்கும் அண்ணன் இன்று வேலை நேரத்தில் போன் செய்தான்.

"என்னடா, அங்க பூமி இன்னிக்கு ஆடுச்சா?"

"இல்லண்ணா. காலைலேர்ந்து ஒண்ணுமே இல்ல."

"அப்பாடா. ரிலாக்ஸா இரு."

அவனோடு சேர்ந்து எனக்குள் இருக்கும் கீழ்க்கட்டளைக்காரனும் பெருமூச்சு விட்டான். மாரெக்கின் தம்பி கீழே இறங்கியிருந்தார். நான் போனைக் காதில் வைத்தபடியே, ஒரு சின்ன ஆட்டமாவது வந்துவிடாதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.