நெடுங்கேணிக் காட்டில் இரண்டு தேங்காய்

தார் றோட்டில் ஓடி முழங்கால் தேய்ந்ததால், நெடுங்கேணிக்கு அப்பால் காட்டுப் பாதையில் ஓடிப்பார்க்க வந்திருக்கிறேன். மண் மெத்தென்று இருக்கிறது. இரண்டாவது வளைவில், பற்றைக்குள் எதுவோ முறிகிற சத்தம். கரடிதான் என்று முடிவெடுத்து, பாதையோரத்து எல்லைக்கல்லில் ஏறி நிற்கிறேன். கல்லின் உயரம் ஒரு முழம். கரடி என்னை எட்டாதாம்.

வெளியே வருவது அறுபது வயது மதிக்கக்கூடிய ஓர் அம்மா. என்னைக் கண்டதும் கையிலிருந்த இரண்டு தேங்காயையும் கீழே போட்டுவிடுகிறா.

“ஐயா, களவில்லை. என்ர மரத்துத் தேங்காய்தான்.”

“நான் அதிகாரி இல்லையம்மா. ஓட வந்தனான். உங்களைக் கரடி எண்டு நினைச்சு ஏறிட்டன்.”

சிரிக்கிறா. “றோட்டு இருக்க ஏன் தம்பி இதுக்குள்ள?”

“காட்டுப் பாதை முழங்காலுக்கு நல்லதாம்.”

“இது காடில்லைத் தம்பி, எங்கட ஒழுங்கை. சண்டைக்குள்ள ஊரை விட்டு ஓடினனாங்கள். திரும்பி வந்து பாத்தா, காடு எண்டு வன இலாகாக்காரர் கல்லுப் போட்டிருக்கினம். நீங்கள் ஏறி நிக்கிறது எங்கட கிணத்தடி.”

நான் இறங்குகிறேன்.

“பிடிச்சா வழக்குப் போடுவினம். எனக்கு ஓட ஏலாது. நீங்கள் ஓடுற ஆள்தானே, சந்தி மட்டும் இதைக் கொண்டுபோய்த் தாறீங்களோ? நான் பின்னால நடந்து வாறன்.”

தேங்காய்களை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். அவை ஒன்றோடொன்று முட்டி, ஊருக்கெல்லாம் என்னைக் காட்டிக்கொடுக்கின்றன. வளைவைத் தாண்டுமுன் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் உறுமுகிறது. பற்றைக்குள் பாய்ந்து குந்துகிறேன். இப்போது கரடி நான்தான்.

சத்தம் தேய்ந்ததும் திரும்பிப் பார்க்கிறேன். தன் கிணற்றடியில் அவாவும் குந்தி ஒளிந்திருக்கிறா.