எட்டாம் நாள் எது

மகன் பிறந்த நேரத்தைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அரை மணி நேர வித்தியாசம்தான். ஆனால் அது என்னைப் படுக்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

அப்போது சங்ககிரியில் இருந்தோம். என் கணவருக்கு ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா வேலை. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே யூதக் குடும்பம் என்றால் நாங்கள் ஒன்றுதான். தலைப்பிரசவத்துக்குக் கொச்சிக்குப் போனேன், குழந்தை தங்கவில்லை. இந்த முறை அங்கே வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "அந்தப் பொட்டல் காட்டில் பெற்றுக்கொண்டால் எட்டாம் நாள் சடங்கை யார் செய்வது?" என்று மாமியார் எழுதினார். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் நுனித்தோல் நீக்கும் விருத்தசேதனம் செய்தாக வேண்டும். அதைச் செய்கிற பெரியவர் இருந்ததோ கொச்சியில். நாள் தவறாமல் நடக்கும் என்று வீறாப்பாகப் பதில் போட்டேன்.

எங்களுக்குப் பொழுது சாய்ந்தாலே அடுத்த நாள் தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை இருட்டிய பிறகு பிறந்தவன் புதன்கிழமைப் பிள்ளை. என் மகன் இருட்டிய பிறகுதான் பிறந்தான். கணவர் அப்போது வேலையில் இருந்தார். ஓடி வந்தார், பார்த்தார், பூரித்துப்போய் 'செவ்வாய் மாலை ஆண் குழந்தை' என்று கொச்சிக்குத் தந்தி அடித்துவிட்டார். படுத்தபடி நான் விரல்விட்டு எண்ணும்போதுதான் கணக்கு உதைத்தது. எட்டாம் நாள் அடுத்த செவ்வாய் அல்ல, புதன்.

அந்தப் புதன் மாலைதான் எங்கள் ஹனுக்கா பண்டிகை தொடக்கம். எட்டு நாளும் விளக்கேற்றுவோம். "முதல் விளக்கைப் பெரியவர் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் ஏற்றியதே இல்லையாம். செவ்வாய் காலையில் முடித்து அன்றைக்கே ரயிலேற்றிவிட வேண்டும். புதன் என்றால் வரவே மாட்டார்" என்றார் கணவர். இருட்டிய பிறகு பிறந்தவன் என்பதை அவரிடம் மறைத்துவிட்டேன். ஒரு நாள் முந்திச் செய்தால் அது சடங்கே ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். கைகால் கழுவியதும் முதல் வேலையாக அறைக்கு வெளியே நின்று கேட்டார். எங்களுக்குள் மலையாளம்தான்.

"குழந்தை பிறந்தது பொழுது சாய்வதற்கு முன்னாலா, பிறகா?"

"முன்னால்தான்."

"நன்றாகத் தெரியுமா மகளே?"

"பெற்றவளுக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். பொய் சொல்கிறவளுக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டே போனார். அன்று முழுக்க வீட்டில் அவருடைய பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானோ தொட்டிலை ஆட்டினேன், நிறுத்தினேன், துணியை மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

மறுநாள் காலை, பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். அவளுக்கு எங்கள் கணக்கெல்லாம் தெரியாது. "பையன் மண்ணுல உழுந்தப்ப மானத்துல நாலஞ்சு வெள்ளி மொளச்சுப்போச்சுங்க. இருட்டைப் பாத்துட்டுத்தான் வந்துச்சுங்க இந்தச் சாமி" என்று கொஞ்சினாள். மூன்று நட்சத்திரம் தெரிந்தாலே எங்களுக்கு இரவு. அடுத்த அறையில் கத்தியை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் வாசலில் நின்றேன். "ஐயா, நான் சொன்னது பொய். இவன் இருட்டிய பிறகு பிறந்தவன்."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் கத்தியைத் துணியில் சுற்றினார். முகம் தொங்கிவிட்டது.

"ஏன் சொன்னாய்?"

"உண்மை தெரிந்தால் போய்விடுவீர்கள் என்று பயந்தேன்."

"போய்விடுவேன் என்று நான் சொன்னேனா?"

சொல்லவில்லை. சொன்னது என் கணவர். பெரியவர் தன் பையைத் திறந்து ஒரு புட்டி தேங்காயெண்ணெயையும் முறுக்கிய திரிகளையும் எடுத்து என் முன் வைத்தார். "தந்தியில் மாலை என்று இருந்தது. மாலை என்றால் சந்தேகம். சந்தேகம் என்றால் அடுத்த நாள்தான். வீட்டில் முதல் விளக்கை நீ ஏற்று என்று என் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நேற்று நீ முன்னால் என்றதும்தான் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆசைப்பட்டுவிட்டேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போக ஆயத்தமாக இல்லாத மனிதருக்குப் போகும் ஆசையை ஊட்டியதும் நான், பறித்ததும் நான்.

புதன் காலை சடங்கு நடந்தது. குழந்தை வீறிட்டான், பிறகு என் மடியில் தூங்கிப்போனான். மாமியாருக்கு எழுத வேண்டியதைக் கணவரே பெருமையாக எழுதினார். மாலையில் பெரியவர் எங்கள் பித்தளை விளக்கில் முதல் திரியை ஏற்றினார். பாடத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி பாடினார். அந்த நேரம் அவர் எந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கணவர் அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். "பையனைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் பெரியவரும் பின்னாலேயே போனார். நான் கேட்கவே இல்லை.