மகளும் நானும் முதலாம் வருசம்

இண்டைக்கு யூனிவர்சிட்டிக்குப் போட்டு வந்தனான்.

இரண்டு வருசமா டேஃப் எண்ட தொழிற்கல்லூரியில கம்ப்யூட்டர் டிப்ளோமா படிச்சு, போன மாசம்தான் முடிச்சனான். காலமை முதியோர் இல்லத்தில வேலை, பின்னேரம் வகுப்பு. டிப்ளோமா இருந்தால் நேரே இரண்டாம் வருசத்துக்கு எடுப்பம் எண்டு யூனிக்காரர் அப்ப சொன்னவை.

கவுண்டரில இருந்த பிள்ளை என்ர பேரைப் பார்த்திட்டுத் தமிழில கதைச்சா.

"அன்ரி, இந்த வருசம் பாடத்திட்டத்தை மாத்திப்போட்டினம். இனி டிப்ளோமாவில படிச்ச இரண்டு பாடத்தைத்தான் கணக்கில எடுப்பினம். நீங்கள் முதலாம் வருசத்தில இருந்துதான் தொடங்க வேணும்."

"புரோகிராமிங் முடிச்சிட்டன், பிள்ளை. டேஃபில மற்றவைக்கு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"ஓம் அன்ரி, மார்க்ஸ் எல்லாம் தெரியுது. சிஸ்டம் விடுதில்லை. என்னால ஒண்டும் செய்யேலாது."

அவவின்ர முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்தது. முதலாம் வருசத்துப் படிவத்தில கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு வந்து பஸ் ஏறினன்.

ஏறினதும் மகளுக்குப் போன் எடுத்தன். அவளும் இந்த வருசம் அதே யூனியில, அதே படிப்புக்குத்தான் போறாள். விசயத்தைச் சொன்னன்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

பிறகு மெதுவா, "குரூப் அசைன்மென்ட்டுக்கு என்னைக் கேக்காதேங்கோ, ப்ளீஸ்" எண்டாள்.

சிரிக்கத்தான் வெளிக்கிட்டனான். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதிட்டன்.

முதலாம் வருசம் தொடங்கிற ஆக்கள் ஆராவது இருந்தால் கீழ கொமென்ட்டில சொல்லுங்கோ. வயசு நாப்பத்திநாலு, புரோகிராமிங் தெரியும், என்னைச் சேர்க்கிறதுக்கு ஒரு குரூப்பும் இல்லை.