மூன்றாம் டேபிளில் பத்துக்குப் பத்து

அந்த மனுஷனுக்கு எங்கள் ஹாலில் வைத்த பெயர் லேபிள். மருந்துக் கம்பெனியில் லேபிள் பார்க்கிற வேலை அவருக்கு. பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிற பாட்டிலை மட்டும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை இதே வேலை. இப்படிப் பத்தொன்பது வருஷம். அவர் சொல்லக் கேட்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

என் பிழைப்பு மட்டும் என்ன வாழ்ந்தது? கோலால் பந்தைத் தள்ளி ஆடுகிற பூல் ஹாலில் ஐந்து டேபிள்களையும் பார்த்துக்கொள்கிறவன் நான். துணியைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், பந்துகளைத் துடைக்க வேண்டும், கியூ கோலின் நுனி தேய்ந்தால் மாற்ற வேண்டும், சண்டை வந்தால் விலக்க வேண்டும். பதினோரு வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறேன். என் முழங்கால்கள் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

லேபிள் எங்கள் ஹாலில் பத்து வருஷமாக ஆடுகிறார். வருஷா வருஷம் ஹாலில் ஒரு போட்டி நடக்கும். வருஷா வருஷம் அவர் பெயர் கொடுப்பார். வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மூக்கு உடைபட்டு வெளியே வருவார். ஆடத் தெரியாதவர் என்றால்கூட ஆறுதல் சொல்லலாம். எங்கள் ஆட்டத்தில் தன் ஏழு பந்துகளையும் டேபிள் ஓரத்துக் குழியான பாக்கெட்டில் போட்டுவிட்டு, கடைசியாகக் கறுப்புப் பந்தைப் போட வேண்டும். அவர் ஆறைப் போட்டுவிடுவார், சில நாள் ஏழையும் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு மனசு எங்கேயோ போய்விடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கறுப்பை விட்டுவிட்டு அசடு வழிய நிற்பார். என்னய்யா ஆச்சு என்று கேட்டால், வீட்டில் குழாயை மூடினோமா என்று யோசித்துவிட்டேன் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் அவர் கதை அதுதான். சமையலறைச் சுவருக்குப் பாதி வரை பெயின்ட் அடித்துவிட்டு மூன்று வருஷமாக அப்படியே விட்டுவைத்திருக்கிறாராம். ஐந்து தட்டு அலமாரியில் மூன்று தட்டுதான் இருக்கிறதாம். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வியாதியைக் கேட்டு எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் பாதிச் சுவர் முகத்தில் முழிக்கும். அந்த அம்மாவும்தான் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்?

போன வருஷக் கடைசியில் கம்பெனியில் ஒரு டிரே பாட்டில் முழுக்க வேறு மருந்தின் லேபிளோடு அவரைத் தாண்டிப் போய்விட்டது. நல்ல வேளை, அடுத்த ஆள் பிடித்துவிட்டார். லேபிளுக்கு மெமோ கொடுத்தார்கள். துவைக்கும்போது அது சட்டைப் பையிலிருந்து மனைவி கையில் கிடைத்தது. அந்த அம்மா கத்தவில்லையாம். "உங்களுக்கு எதுலயும் மனசு கடைசி வரைக்கும் நிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெமோவை மடித்து மேஜைமேல் வைத்ததாம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன் அண்ணே, மடித்து வைத்தாள் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

மறுநாளே ஆரம்பித்தார். இனி யாரோடும் ஆட்டம் கிடையாது, பயிற்சி மட்டும்தான், அடுத்த போட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன், ஒரே ஒரு ஆட்டத்தையாவது கடைசி வரைக்கும் மனசு சிதறாமல் ஆடுகிறதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஜெயிப்பதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவாகப் பேசவில்லை.

பயிற்சி இதுதான். கம்பெனியில் மிஞ்சின சின்ன வட்ட லேபிள் இரண்டை டேபிள் துணியில் ஒட்டுவார். ஒன்று கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்துக்கு, ஒன்று அது போய் முட்ட வேண்டிய கறுப்புக்கு. அங்கிருந்து எதிர் மூலைப் பாக்கெட் நீண்ட தூரம். பலமாக அடித்துத் தள்ளக்கூடாது. பந்து மெதுவாக உருண்டுபோய், பாக்கெட் விளிம்பில் யோசித்துவிட்டு உள்ளே விழ வேண்டும். இப்படிப் பத்து தடவை விடாமல் போட வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணை அடித்த பிறகு சொல்லக்கூடாது, அடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். சொல்லிவிட்டால் காப்பாற்ற வேண்டும் அல்லவா என்பார்.

நான் அவருக்கு மூன்றாம் டேபிளைக் கொடுத்தேன். ஜன்னலோரம் இருக்கும், அதை யாரும் கேட்கமாட்டார்கள். ஏன் கேட்கமாட்டார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாதம் நாலைத் தாண்டவில்லை. "மூணு" என்பார், விழும். "நாலு" என்பார், விழாது. சத்தமே இல்லாமல் பந்துகளை எடுத்து லேபிள்மேல் வைத்து "ஒண்ணு" என்பார். எட்டு மணி நேரம் பாட்டிலைப் பார்த்த கண், பாவம், சிவந்து கிடக்கும். ஒருநாள் கியூ நுனியில் சாக்பொடி தடவிக்கொண்டே நின்றபடி தூங்கிவிட்டார். வீட்டுக்குப் போய்ப் படுங்கள் லேபிளாரே என்று விரட்டினேன். போகவில்லை. மூன்றாவது மாதம் ஏழு வந்தது. அந்த ஏழில் ஒரு மாதம் முழுக்க மாட்டிக்கொண்டு கிடந்தார். பார்த்துப் பார்த்து எனக்கே ஏழு என்ற எண்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

நாலாவது மாதம் ஒருநாள் அவர் போன பிறகு, அப்படி என்ன கஷ்டம் என்று நானே பந்துகளை அவர் லேபிள்களில் வைத்து அடித்துப் பார்த்தேன். நேராகத்தான் அடித்தேன். பந்து பாக்கெட்டை நெருங்கும்போது ஜன்னல் பக்கமாக ஒரு விரல் ஒதுங்கிப் போனது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே ஒரு விரல்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காரணம் நான்தான். அந்த டேபிளின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் வைத்துச் சரிபண்ணச் சொன்னால் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெட்டி அட்டையை மடித்துக் காலடியில் சொருகினேன். ஆட்டம் நின்றது. ஆனால் டேபிள் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. அதில் ஆடிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், லேபிள் மட்டும் அதுவரை அந்த டேபிளைத் தொட்டதில்லை. பயிற்சிதானே, எதில் செய்தால் என்ன என்று நான் அதை லேபிள் தலையில் கட்டியிருந்தேன். அவரோ தன்னை அறியாமல் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் ஒரு விரல் தள்ளி அடிக்கப் பழகியிருந்தார். அரை மயிரிழை கோணலைப் பாட்டிலில் பிடிக்கிற மனுஷன், கோணலான டேபிளில் நாலு மாதம் நின்றிருக்கிறார்!

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். வந்தார். வந்ததும் ஆரம்பித்தார். ஏழு விழுந்தது. எட்டு விழுந்தது. ஒன்பது. பத்து. கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, பத்தொன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் என் மனசு நான் வெச்ச இடத்துல இருந்துச்சு."

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளைக்கும் பத்து விழுந்தது. ஏழாவது மாதத்தில் தினமும் பத்துக்குப் பத்து. வீட்டில் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா முதலில் நம்பவில்லையாம். பிறகு போட்டி நாளன்று வருகிறேன் என்று ஒத்துக்கொண்டு லீவும் எழுதிக் கொடுத்துவிட்டதாம்.

எந்த ஆட்டம் எந்த டேபிளில் என்று அட்டவணை எழுதுவது என் வேலை. முதல் சுற்றில் லேபிளை மூன்றாம் டேபிளில் போட்டேன். எதிராளி ஒரு ஏசி மெக்கானிக். அவனுக்கு இது அநியாயம்தான். என் தப்பை இப்படியாவது நேர் செய்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போட்டியன்று காலை ஹாலுக்குப் போனால் மூன்றாம் டேபிளுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பதினோரு வருஷமாகக் காசை வெளியே எடுக்காத முதலாளி, அன்றைக்கென்று ஃபிட்டரைக் கூட்டி வந்திருக்கிறார். என் அட்டை தரையில் கிடந்தது. எந்தப் புண்ணியவான் இதைச் சொருகினது என்று ஃபிட்டர் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். காலடித் திருகாணியை இரண்டு சுற்று ஏற்றி, மட்டப்பலகையை வைத்துக் காட்டினார். டேபிள் நூல் பிடித்த மாதிரி நின்றது.

லேபிளும் மனைவியும் பத்து மணிக்கு வந்தார்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று அந்த அம்மா என்னைக் கேட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நான் லேபிளிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். அப்புறம் அண்ணே என்று கையைக் காட்டிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் என் லட்சணம்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் அவர் மெதுவாக அனுப்பிய பந்து ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் சுவர்ப் பக்கம் ஒரு விரல் ஒதுங்கின. கியூவின் நுனியைப் பார்த்தார். பந்தை எடுத்துத் துடைத்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தது. ஆட்டம் போய்விட்டது.

தண்ணீர் குடிக்கப் போனவரை ஓரமாக நிறுத்திச் சொல்லிவிட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டார். முதல் நாளிலிருந்து என்றேன். நான் பத்து போட்டபோதும் கோணல்தானா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் மெதுவான அடிகளையே விட்டுவிட்டார். பலமாக, கிட்டத்திலிருந்து, ஒவ்வொன்றாக ஏழையும் போட்டார். கறுப்பு மட்டும் நீண்ட தூரத்தில், கிட்டத்தட்ட அவர் வட்ட லேபிள் ஒட்டுகிற இடத்திலேயே நின்றது. பலமாக அடித்தால் வெள்ளையும் கூடவே உள்ளே போய் ஆட்டமே போய்விடும், மெதுவாகத்தான் அடிக்க வேண்டும். குனிந்தவர் வெகுநேரம் அசையவில்லை. "பத்து" என்று அவர் உதடு அசைந்தது. அடித்தார். கறுப்பு சுவர்ப் பக்கம் ஒரு விரல் தள்ளி விளிம்பில் முட்டி நின்றது. மெக்கானிக் வந்து தன் மிச்சப் பந்துகளையும் கறுப்பையும் போட்டு முடித்துக்கொண்டான்.

அவர் மனசு எங்கேயும் போகவில்லை. பத்து வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். கைதான் ஏழு மாதம் பழகின இடத்துக்குப் போய்விட்டது.

முதல் சுற்று முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அந்த அம்மா எழுந்து வந்தது. முகத்தில் கோபமில்லை, களைப்புதான்.

"பத்துக்குப் பத்து போடுறேன்னு சொன்னீங்களே. என் மனசு சந்தோஷப்படட்டும்னு சொன்னதா?"

லேபிள் கியூவை உறைக்குள் போட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அதை அவர் சொல்லவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லையம்மா என்று ஆரம்பித்து, அட்டையிலிருந்து ஃபிட்டர் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் வியாதி கேட்கிற மாதிரி, குறுக்கே பேசாமல் கேட்டது.

"அந்த அட்டை இன்னும் இருக்காண்ணே?"

இருந்தது. நான் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்தேன். லேபிள் அதை அழுத்தி டேபிளைத் தூக்க, நான் என் முழங்காலைச் சபித்துக்கொண்டே உள்ளே நுழைந்து, திருகாணியை இரண்டு சுற்று இறக்கி, அட்டையைச் சொருகினேன். முதலாளி அப்போது வந்திருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். லேபிள் பையிலிருந்து இரண்டு வட்ட லேபிள்களை எடுத்து ஒட்டினார்.

எண்ணை அடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஒண்ணு" என்றது. விழுந்தது. "ரெண்டு." விழுந்தது. பந்துகளை எடுத்து வைக்கும் சத்தமும் அந்த அம்மாவின் குரலும்தான் ஹாலில் இருந்தன. ஏழில் அவர் கிடந்த கதையையும் சொல்லியிருந்தேன், அதனால் ஏழு என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தியது. பிறகு மெதுவாகச் சொன்னது. விழுந்தது. பத்தாவது பந்து விளிம்பில் நின்று யோசித்துவிட்டு உள்ளே போனது.

"நின்னுடுச்சே" என்றது அந்த அம்மா. "கடைசி வரைக்கும் நின்னுடுச்சுங்க."

லேபிள் கியூவை வைத்துவிட்டுக் கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"அட்டையை எடுத்துடுங்கண்ணே. நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன்."

பழகின கையை மாற்ற இன்னும் ஏழு மாதம் ஆகுமே என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். ஆகட்டும், பாதிச் சுவர் மூன்று வருஷம் காத்திருக்கவில்லையா என்று அந்த அம்மா சொல்லிற்று. அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தார். கண் வழக்கம்போலச் சிவந்திருந்தது. நேரான டேபிளில் லேபிள்களை ஒட்டினார். "ஒண்ணு" என்றார். சுவர்ப் பக்கம் ஒரு விரல் தள்ளிப் போனது. பந்தை எடுத்து வந்து, பழைய இடத்தில் வைத்து, மறுபடி "ஒண்ணு" என்றார்.