கன்னிக்கு வைத்த மடிப்பு

கல்பனா தைத்த துணி நூல் பிரிந்தது என்று திரும்பி வந்ததாக ராஜபாளையத்தில் ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். சின்னப் பிள்ளைகளின் பாவாடைக்கு அடியில் இரண்டு விரல் மடிப்பு வைத்துத்தான் தைப்பாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

மடிப்பில்லாமல் தைப்பது ஒரே ஒரு பாவாடைதான். அது தங்கை கருத்தம்மாவுக்கு. வயசுக்கு வருமுன்பே காய்ச்சலில் போன அவள்தான் மம்சாபுரத்துப் பிறந்த வீட்டில் கும்பிடும் கன்னி. வருஷந்தோறும் தை மாத வெள்ளியில் அம்மா சீனியம்மாள் ஓலைப்பெட்டியைத் திறந்து பழைய துணியை எடுப்பாள். அந்த வீட்டு மிஷினிலேயே கல்பனா புதுசு தைத்துக் கொடுப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய கண்ணாடி வளையலோடு அது பெட்டிக்குள் போகும்.

அந்த வீட்டில் குமரு வேறு, கன்னி வேறு. குமரு வளர்ந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். கன்னி செத்த வயசிலேயே நின்று பிறந்த வீட்டைக் காப்பவள். அவளுக்கு எதற்கு மடிப்பு?

போன வருஷம் பொங்கல் துணி தைத்துத் தைத்துப் பழகிய கை, தன்னையறியாமல் மடிப்பு வைத்துவிட்டது. பெட்டியை மூடிய பிறகுதான் உறைத்தது. கல்பனா வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் பெட்டியைத் திறந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. மடிப்பு பிரிந்திருந்தது. எலி கடித்ததல்ல. ஒவ்வொரு தையலாக, துணி நோகாமல், கல்பனா பிரிக்கிற மாதிரியே. பாவாடை ஓரத்தில் செம்மண். வளையல்கள் உடைந்து கிடந்தன.

"ஏட்டி, மடிப்பு வச்சியா?"

"தெரியாம வச்சிட்டேம்மா."

"வளருடின்னு நீயே சொல்லிட்டியே பாவி! குமராயிட்டா இங்கன இருப்பாளா? போயிருவாட்டி." அம்மா பெட்டியை மடியில் இழுத்துக்கொண்டாள். "பழைய அளவுலயே தையி. மடிப்பே வேண்டாம்."

"உசுரோட இருந்தப்பவே உன் பேச்சக் கேக்காதவ, இப்ப மட்டும் கேப்பாளாக்கும்?"

சொல்லிவிட்டாளே தவிர, கல்பனா பழைய அளவில்தான் வெட்டத் துணியை மடித்தாள். கத்தரிக்கோலை எடுக்கும்போது ஒரு வளையல் துண்டு கண்ணில் பட்டது. உட்புறம் காய்ந்த ரத்தம். பத்தாத வளையலைக் கையிலிருந்து இழுத்தால் அப்படித்தான் கீறும்.

அவள் துண்டை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இம்புட்டு வலியோடயா அவள இருக்கச் சொல்லுத?"

கல்பனா துணியை விரித்து, வளர்ந்த பெண்ணின் அளவில் வெட்டித் தைத்தாள். மடிப்பும் வைத்தாள். பாவாடையைப் பெட்டிக்குள் வைத்து, தன் கை வளையல்களைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

சீனியம்மாள் பெட்டியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மூடினாள். வழக்கமாகக் கட்டும் கயிற்றைக் கட்டவில்லை. வாசல் கதவுக்கும் அன்றைக்கு ராத்திரி தாழ்ப்பாள் போடவில்லை.