கீழ் ஹோசில் மாட்டிய சென்சார்

இன்று காலை செல்வம் அண்ணனின் லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள்.

பங்காருபேட்டை ரோட்டில் வாட்டர் பம்ப் நின்றுபோய், இன்ஜின் ஹெட் கிராக் விட்டு, இன்ஜினே சீஸ் ஆகி இறுகிவிட்டது.

"டெம்பரேச்சர் முள்ளு பாதியைத் தாண்டவே இல்ல தம்பி. அத்த நம்பித்தான் ஓட்டினு வந்தேன்" என்றார்.

அந்த முள்ளுக்கான சென்சாரைப் போன மழைக்காலத்தில் மாட்டியவன் நான்தான்.

அது இருக்க வேண்டிய இடம் ஹெட்டின் மேலே, தெர்மோஸ்டாட் பக்கத்தில். இன்ஜினின் கொதிக்கும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். அந்த ஓட்டையில் மரை போயிருந்தது. சரிசெய்ய ஹெட்டைக் கழற்ற வேண்டும். சோம்பல்பட்டு, ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் திரும்பி வரும் கீழ் ஹோசில் மாட்டிவிட்டேன்.

"உன் கை பட்டதுல இருந்து வண்டி சூடே ஆவறதில்ல" என்று அண்ணன் லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் சிரித்துக்கொண்டேன்.

இன்று உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எங்கப்பா மைன்ஸ்ல இருந்தப்போ, ஆபீசருங்க காத்து வர்ற கேஜ் லிஃப்டாண்டயே நின்னு சூடு பார்த்துட்டு, எல்லாம் சரியாகீதுன்னு எழுதினு மேல போயிடுவாங்களாம். உள்ள வேலை செய்யறவன் மயங்கி வுழுவான். நீயும் அத்தத்தான் பண்ணிக்கீற" என்றார்.

என் அப்பாவும் அங்கே அப்படி விழுந்தவர்தான்.

இதேபோல் கீழ் ஹோசில் நான் சென்சார் மாட்டிக்கொடுத்த வண்டிகள் இன்னும் சில ஓடுகின்றன. யார் யாருடையது என்று நினைவில்லை. முள் ஏறுவதே இல்லை என்று சந்தோஷமாக இருப்பவர்கள் உடனே இந்தப் பதிவின் கமெண்டில் வாருங்கள்.