இலைக்கடை என்று சொல்லாதே

நேற்று என் அண்ணன் மகன் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். மேலே கோட்டு, டை. கீழே கைலி. கம்ப்யூட்டர் திரையில் மேல்பாதி மட்டும்தானே தெரியும்! ஆனாலும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு மாட்டியிருந்தான். "ஷூ போட்டாத்தான் பேச்சு வருது அத்தை" என்றான். நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டான்: "உன் பலவீனம் என்னன்னு கேட்டா, எதையும் கச்சிதமா செய்யணும்னு நெனைக்கதுதான்னு சொல்லிரவா?" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான்? அந்தப் பதிலைக் கேட்டு இருபது வருஷமாக எரிந்துகொண்டிருப்பவள் நான்.

பாலிஷ் வாசனை வந்தாலே எனக்குத் தெற்கே எங்கள் ஊர் வண்ணார்பேட்டை மாடிதான் ஞாபகம். கீழே செருப்புக்கடை, மேலே எங்கள் எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வு கோச்சிங். இவ்வளவு நீள ரயில் இவ்வளவு நீள பிளாட்பாரத்தை எத்தனை நொடியில் கடக்கும் என்று மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஜங்ஷனில் நிற்காமல் போன ரயிலை நான் பார்த்ததே இல்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கியைப் பார்த்து எழுதிக்கொள்வேன்.

இசக்கியின் துப்பட்டாவில் எப்போதும் வாழைக்கறை இருக்கும். அவள் அப்பா மார்க்கெட்டில் வாழையிலைக் கடை வைத்திருந்தார். காலையில் கடையைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். "ஒரு வருசம் தாரேன். சீட்டு கெடைக்கலன்னா கல்யாணம்" என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. என் அப்பா கல்லூரி வாத்தியார். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

அவள் செய்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆடி மாதம் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் வாழையிலை நார் நாராகக் கிழிந்துவிடும். கல்யாணமும் கிடையாது. கிழிந்த இலையெல்லாம் மாட்டுக்குத்தான் போகும். இவள் அதில் நல்ல துண்டாகப் பார்த்து நறுக்கி, ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினாள். "ஆடியில எங்கிட்ட துண்டு எல எடுங்க அண்ணாச்சி. ஆவணியில எல கெடைக்காம அலையுவீங்கள்லா, அப்பம் மொதக் கட்டு உங்களுக்குத்தான்." அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள். வியாபாரம் படிக்கப் போகிறோம் என்று நாங்கள் இருபது பேர் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தோம். வியாபாரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் சார் எல்லாருக்கும் ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பொழுதுபோக்கு, புத்தகம் வாசிப்பது. பலவீனம், எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது. அப்பா தொழில் என்ற இடத்தில் இசக்கி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "எலக்கடைன்னா சொல்லுவே? சிரிச்சிருவானுவ. அக்ரிகல்ச்சரிஸ்ட்னு சொல்லு, ஒரு மரியாதையா இருக்கும்" என்றார். அந்த மனுஷன் அதே பரீட்சையை மூன்று தடவை எழுதித் தோற்றவர் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் பயம். அந்தப் பயத்தை எங்களுக்குப் பாடமாக நடத்தினார். அவரை நான் மன்னிக்கவே இல்லை.

பரீட்சையில் நாங்கள் இரண்டு பேரும் தேறினோம். சென்னையில் ஒரே கல்லூரியில், ஒரே நாளில் இன்டர்வியூ. காலையில் அவள் போனாள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். முகம் செத்துப் போயிருந்தது.

"எத்தன ஏக்கர்னு கேட்டாவட்டி" என்றாள். "என்ன பயிர், எத்தன போகம்னு கேட்டாவ. எங்கய்யாவுக்கு ஒரு சென்ட் நெலம் உண்டா? முழிச்சிட்டு நின்னேன்."

மத்தியானம் என் முறை. உங்கள் ஊரில் நீங்கள் பார்த்து வியந்த ஒரு வியாபாரத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். தாளில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு வாயில் வந்தது ஆடிக் காற்றும் இலையும்தான். எதிரே இருந்த மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நடுவில் இருந்த அம்மாள், "இது யார் யோசனை?" என்றார். ஒரு நொடிகூடத் தயங்காமல், "என்னுடையது" என்றேன். எத்தனை தடவை யோசித்தும் அந்தப் பழியைச் சார் தலையில் போட முடியவில்லை. அதை எந்தத் தாளும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்குச் சீட்டு கிடைத்தது, அவளுக்கு இல்லை. ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குப் பிடிச்சிதாட்டி?"

"ரொம்ப."

"அப்பம் பாஸானது நானுல்லா" என்று சிரித்தாள். திட்டியிருக்கலாம். இலைக்கட்டைத் தூக்கி என்மேல் எறிந்திருக்கலாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது. கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதவில்லை, சீட்டு போய்விடும் என்று பயந்தேன்.

அந்த ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணம். நாங்குநேரிப் பக்கம் மாப்பிள்ளை வீடு. அந்த வீட்டில் பெண்கள் கடையில் உட்காரும் வழக்கம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் அவள் அப்பாவும் தனியாக முடியாமல் கடையை விட்டுவிட்டார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது.

ஆவணியில் முகூர்த்தம் நெருக்கம். இலை எங்கும் கிடைக்காது. தோட்டம் தோட்டமாகப் போன் போட்டு, விலை பேசி, தன் கல்யாணப் பந்திக்கு இலை பிடித்தது இசக்கிதான். அதற்கப்புறம் அவள் வியாபாரம் எதுவும் செய்யவில்லை.